முகம் அறியாதவருக்குக் கொடுக்கும் வாக்கு



பதியிலும் நிழல் தாங்கலிலும் தர்மம் என்று சொன்னால் எல்லோர் நினைவுக்கும் முதலில் வருவது அன்னதர்மம்தான். உச்சிப்படிப்பு முடிகிறது, பந்தி விரிக்கிறார்கள், வந்தவர் உட்காருகிறார், இலையில் சோறு விழுகிறது. அவர் வயிறு நிறைவதைப் பரிமாறியவர் கண்ணால் பார்க்கிறார். பரிமாறியவருக்கும் அதில் ஒரு நிறைவு உண்டு. கை நீட்டியவரின் முகம் தெரிந்து கொடுக்கிற தர்மம் அது.

இந்தக் காலத்தில் இன்னொரு தர்மம் வந்திருக்கிறது. அதற்குப் பந்தி கிடையாது. வாங்கப் போகிறவர் யார், எந்த ஊர், என்ன மொழி பேசுவார் என்று கொடுப்பவருக்குத் தெரியாது. கொடுக்க வேண்டிய நாள் அடுத்த மாதமா, பத்து வருடம் கழித்தா என்பதும் தெரியாது. அந்த நாள் வராமலே போகவும் கூடும். இன்றைக்குச் செய்ய வேண்டியதெல்லாம் பெயரைப் பதிந்துவிட்டு, கூப்பிட்டால் வருவேன் என்று இருப்பது மட்டும்தான். ரத்த ஸ்டெம் செல் தானம் என்பது இதுதான்.

கண்ணால் காணாத ஒருவருக்கு நம் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்க நமக்குக் கடமை உண்டா? உண்டு என்றால் அந்தத் தர்மத்தை எப்படிச் செய்வது முறை? தாழ்ந்து கிடப்பவரைத் தாங்கிப் பிடிப்பதையே தர்மம் என்று அய்யாவிடம் கற்றுக்கொண்ட அன்புக்கொடி மக்கள் இதை யோசிக்காமல் விட முடியாது.

முதலில் பொருள் என்ன என்று தெரிய வேண்டும். ரத்தம் நம் உடம்பில் தொட்டித் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்பதில்லை. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். வெள்ளையணுக்களில் பல சில நாட்களிலேயே மடிந்துவிடும். மடிகிறவற்றுக்கு ஈடாக எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் புதிய அணுக்கள் ஓயாமல் பிறந்துகொண்டே இருக்கின்றன. சிவப்பணு மட்டுமே வினாடிக்கு 20 லட்சத்துக்குக் குறையாமல் பிறக்கிறது. சிவப்பணு, வெள்ளையணு, ரத்தம் உறைய உதவும் தட்டணு ஆகிய எல்லாவற்றுக்கும் தாயாக இருக்கும் அணுதான் ஸ்டெம் செல். தமிழில் குருத்தணு என்கிறார்கள். நல்ல பெயர்தான். வாழையின் நடுக்குருத்தை வெட்டினாலும் உள்ளிருந்து மறுபடி குருத்து வருவதை வீட்டுக் கொல்லையில் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அந்தத் தாய் அணுவே கெட்டுப்போனால் பிறக்கும் ரத்தமெல்லாம் கெட்டதாகவே பிறக்கும். ரத்தப் புற்றுநோய் அப்படி வருவது. மஜ்ஜை வற்றிப்போய் ரத்தமே ஊறாத நோய் ஒன்று உண்டு. தலசீமியா என்று இன்னொன்று. அது பிறவியிலேயே வருவது. நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் கடுமையான தலசீமியாவோடு பிறக்கின்றன என்று கணக்கு சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே தீர வேண்டும். ஏற்றிய ரத்தத்திலுள்ள இரும்புச்சத்து இதயத்திலும் ஈரலிலும் போய்ப் படியும். அதை வெளியேற்றத் தனியே மருந்து வேண்டும். ஆயுள் முழுக்க இதே ஓட்டம்.

நெல்லித்தோப்பிலிருந்து கோரிமேடு ஜிப்மர் ஒரு டவுன் பஸ் தூரம். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து இறங்குகிறவர்களை புதுவை மக்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். நன்கொடையாளர் கிடைக்காத நோய் என்று ஒன்று இருப்பது அந்த வாசலில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள்.

இந்த நோய்களில் பலவற்றுக்கு ஒரே தீர்வாக இருப்பது, கெட்டுப்போன மஜ்ஜையை மருந்தால் முழுவதும் அழித்துவிட்டு நல்ல குருத்தணுவை இன்னொருவரிடமிருந்து வாங்கி ஏற்றுவது. அமெரிக்க மருத்துவர் தாமஸ் 1950களில் தொடங்கிய வேலை இது. 1990இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் பக்கம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986இல் மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. வழி இருக்கிறது, கைதேர்ந்த மருத்துவர்களும் இருக்கிறார்கள். தட்டுப்பாடு எங்கே என்றால் கொடுக்கிற மனிதரிடத்தில்.

ரத்த தானத்துக்கு ஓ, ஏ, பி என்று நாலைந்து வகைக்குள் பொருத்தம் பார்த்துவிடலாம். குருத்தணுவுக்கு அது போதாது. ஒவ்வொருவர் அணுவின் மேலும் இது என்னுடையது என்று உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும் முத்திரை இருக்கிறது. எச்.எல்.ஏ. என்று அதற்குப் பெயர். அதை முதன்முதலில் கண்டு சொன்னவர் பாரிஸ் நகரத்து மருத்துவர் ழான் தோசே, 1958இல். 1980இல் அவரும் நோபல் பரிசு பெற்றார். இந்த முத்திரையில் பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருகிறது. அதனால் கூடப்பிறந்தவர் ஒருவர் முழுதாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புதான். நோயாளிகளில் பத்துக்கு மூன்று பேருக்கு மட்டுமே வீட்டுக்குள் பொருத்தம் கிடைக்கிறது. இப்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. இனி அந்தக் கணக்கும் குறையும். பாதிப் பொருத்தத்தோடு தாய் தந்தையிடமிருந்தே எடுத்து வைக்கும் முறையும் இப்போது வளர்ந்து வருகிறது, அது நல்லதே. ஆனாலும் முழுப் பொருத்தமுள்ள ஒருவர் வெளியே இருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பது இன்றும் நிற்கவில்லை. அப்படி ஒருவர் பத்தாயிரம் பேரில் ஒருவராக இருக்கலாம், பத்து லட்சத்தில் ஒருவராகவும் இருக்கலாம்.

பாரிஸ் என்றதும் அதே 1958இல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி கைமாறி நாலு வருடம் ஆகியிருந்தது. யூகோஸ்லாவிய நாட்டில் வின்சா என்ற இடத்து அணு உலையில் விபத்து நடந்து, கதிர்வீச்சுப் பட்ட ஆறு பேரைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவர் ழோர்ழ் மாத்தே, வேறு வழி இல்லை, யாராவது மஜ்ஜை கொடுத்தால் முயன்று பார்க்கலாம் என்றார். மனிதரில் இப்படி உறவில்லாத ஒருவர் மஜ்ஜையை எடுத்து இன்னொருவருக்கு வைப்பது அப்போது இன்னும் நிலைபெறாத முறை. கொடுப்பவருக்கு என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத காலம். அப்படியும் பிரெஞ்சுக்காரர்கள் சிலர் முன்வந்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு, ஒரு இளம் மருத்துவரும் உண்டு. மஜ்ஜை பெற்ற ஐந்து பேரில் நால்வர் பிழைத்தார்கள். ஏற்றிய அணுக்கள் நிலைத்து ஒட்டவில்லை, சில காலம் தாங்கிவிட்டுப் போயின என்று பின்னால் வந்த மருத்துவர்கள் சொல்வதுண்டு. இருக்கட்டும். பாஷை தெரியாத, முன்பின் பார்த்திராத அன்னிய நாட்டாருக்கு எலும்பைத் துளைத்து எடுத்துக் கொடுத்தார்களே, அந்த மனசுக்கு என்ன விளக்கம் வேண்டும்? அய்யாவின் பெயர் அவர்கள் காதில் விழுந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் அவர்கள் செய்தது அய்யா சொன்ன தர்மம்தான்.

அன்றைக்கு இருந்த ஆபத்து இன்றைக்கு இல்லை. இப்போது பெரும்பாலும் எலும்பைத் துளைப்பதும் இல்லை. ஐந்து நாள் தோலுக்கடியில் ஒரு ஊசி போடுகிறார்கள். மஜ்ஜைக்குள் இருக்கும் குருத்தணு அதனால் பெருகி ரத்தத்தில் வந்து கலக்கிறது. பிறகு ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் குருத்தணுவை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்ச ரத்தத்தை மறு கை வழியாகத் திருப்பி ஏற்றுகிறார்கள். நாலைந்து மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஊசி போடும் நாட்களில் எலும்பு வலிக்கும், தலை வலிக்கும், காய்ச்சல் வரும்போல உடம்பு அசதியாக இருக்கும். ஓரிரு நாளில் அது போய்விடும். எடுத்த அணுக்கள் சில வாரங்களில் மறுபடி ஊறிவிடும். சில நோயாளிகளுக்கு மட்டும் இடுப்பெலும்பிலிருந்து மயக்கம் கொடுத்து எடுக்கிறார்கள். அதுவும் இடுப்பெலும்பில்தான், முதுகுத்தண்டில் அல்ல. எந்த மருத்துவ வேலையும் துளி ஆபத்தும் இல்லாதது என்று சொன்னால் அது பொய். அதனால்தான் கொடுப்பவரின் உடல்நிலையை முழுவதும் சோதித்துப் பார்த்துவிட்டே கை வைக்கிறார்கள்.

இனி அன்புக்கொடி மக்கள் மனதில் எழக்கூடிய கேள்விகளுக்கு வரலாம்.

அய்யா பலியை விலக்கினார். ஆடு, கோழி வெட்டி ரத்தம் படைப்பது தெய்வத்துக்கு ஆகாது என்று நிறுத்தினார். அந்த வழியில் வந்தவர்கள் ரத்தத்தையும் மஜ்ஜையையும் எடுத்துக் கொடுப்பது சரியா என்று வயதான சிலர் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை, சுத்தம் பார்க்கிறவர் கேட்கத்தான் செய்வார். பலியில் நடப்பது என்ன? தன் குடும்பம் செழிக்க, தன் வழக்கு ஜெயிக்க, வாய் பேசாத ஒரு உயிரின் கழுத்தை அறுக்கிறான். வேண்டாம் என்று சொல்ல அந்த உயிருக்கு வழியில்லை. பலன் அறுத்தவனுக்கு, நஷ்டம் அறுபட்டதற்கு. இங்கேயோ கொடுப்பவர் தன் முழுச் சம்மதத்தோடு தன்னுடையதையே கொடுக்கிறார், ஒரு உயிரும் போகவில்லை, பலன் முழுவதும் மற்றவருக்கு. இரண்டிலும் ரத்தம் என்ற ஒரு சொல் இருப்பதைத் தவிர வேறு ஒற்றுமை தெரியவில்லை.

இந்தத் தானத்தில் காசுக்கும் இடமில்லை. கொடுப்பவர் ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை, ஒரு பைசா வாங்கவும் முடியாது. வாங்கியவரின் பெயரைக்கூட அவருக்குச் சொல்ல மாட்டார்கள். குறைந்தது ஒரு வருடம் கழிந்து, இரு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே பார்க்கலாம். காணிக்கை வேண்டாத வழியில் நடக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போகும்.

அடுத்தது சாதி. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

எச்.எல்.ஏ. முத்திரை பரம்பரையாக வருவதால், தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்ட மக்களிடம் ஒரே மாதிரியான முத்திரைகள் அதிகம் காணப்படும். ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு ஜெர்மனியில் பொருத்தம் கிடைப்பதைவிட நம் நாட்டுக்குள், நம் பக்கத்து மக்களிடையே கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். உலகம் முழுவதும் 4 கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்திருந்தும் இந்திய நோயாளிகளுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாக இருப்பதற்குக் காரணம், பதிந்தவர்களில் இந்தியர் குறைவு என்பதுதான்.

இதைக் கேட்டதும் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லலாம்: "பார்த்தீர்களா, ரத்தத்தில் சாதி உண்டு என்று விஞ்ஞானமே ஒத்துக்கொண்டது. உங்கள் அய்யா எல்லோரும் ஒன்று என்றாரே?" கேலியாகக் கேட்டாலும் கேள்வி கேள்விதான். பதில் சொல்லாமல் நழுவினால் கேட்டவர் ஜெயித்ததாக ஆகிவிடும்.

சாதி ரத்தத்தில் இருக்கிறது என்றால், ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் நாலுக்கு மூன்று தடவை பொருந்தாமல் போவது ஏன்? வீட்டுக்குள்ளேயே பொருந்தாத ஒன்று சாதி முழுவதற்கும் எப்படிப் பொருந்தும்? மனிதர்கள் சுவர் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே கொண்டு கொடுத்து வாழ்ந்தார்கள். அந்தச் சுவரின் தழும்பு உடம்பில் கொஞ்சம் பதிந்திருக்கிறது, அவ்வளவுதான். கலியின் வேலைக்கு அது சாட்சி. உயர்வு தாழ்வுக்கு அதில் இடமே இல்லை. தழும்பு எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, மேலே என்றும் கீழே என்றும் எந்தச் சோதனைக்கூடமும் பிரித்துக் காட்டியதில்லை.

இன்னொன்றையும் கேலி செய்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். குருத்தணு தானத்துக்கு ரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஓ வகைக்காரர் ஒருவருக்கு பி வகைக்காரரின் குருத்தணு பொருந்தி, ஏற்றி, அது நிலைத்துவிட்டால், சில மாதங்களில் அவர் ரத்தமே பி வகையாக மாறிவிடும். ஒரு பெண்ணின் அணுவை ஒரு ஆண் பெற்றால், அதன்பின் அவர் ரத்தத்தைச் சோதிக்கிறவருக்கு அந்த அணுக்களில் பெண்ணின் அடையாளமே தெரியும். அந்த மனிதர் உடம்பில் ஓடுவது அவர் அப்பன் பாட்டன் ரத்தம் இல்லை. முன்பின் தெரியாத ஒரு வீட்டாரின் ரத்தம். அவர் அந்த ரத்தத்தோடு தன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறார், கடைக்குப் போகிறார், கும்பிடுகிறார். எங்கள் ரத்தம், எங்கள் வம்சம் என்று மார்தட்டுகிற பேச்சு அவர் முன்னால் எப்படி நிற்கும்?

திருவிதாங்கூரில் பொதுக்கிணற்றுப் பக்கம் ஏழை சாதியார் போகக் கூடாது என்றிருந்த நாளில் அய்யா முத்திரிக் கிணறு வெட்டி, எல்லாச் சாதியாரையும் ஒரே நீரில் குளிக்கவும் குடிக்கவும் வைத்தார். இந்தப் பதிவேடும் கிட்டத்தட்ட அப்படி ஒரு கிணறுதான். என் சாதிப் பிள்ளைக்கு மட்டும் கொடுப்பேன் என்று யாரும் எழுதி வைக்க முடியாது. நமது சமுதாயப் பையனுக்காக எல்லோரும் வந்து பதியுங்கள் என்று சிலர் அறிக்கை விடுவதுண்டு. அப்படி வந்தாவது பதியட்டும், கெட்டது ஒன்றுமில்லை. பதிந்தபின் அந்தப் பெயர் யாருக்கும் உரியது. எந்த வாசலிலிருந்து அழைப்பு வந்தாலும் போக வேண்டும்.

இப்படி ஒரு கிணறு உலகில் முதன்முதலில் வெட்டப்பட்டது 1974இல், லண்டனில். வெட்டியவர் ஷெர்லி நோலன் என்ற ஒரு தாய். அவர் மகன் ஆன்டனிக்குப் பிறவியிலேயே ரத்த நோய். வீட்டில் யாரும் பொருந்தவில்லை. வெளியே தேடப் பட்டியல் எதுவும் இல்லாததால் அவரே பட்டியலைத் தொடங்கினார். ஆன்டனிக்கு ஆள் கிடைக்கவே இல்லை. 1979இல் பிள்ளை இறந்துபோனது. தாய் பட்டியலை மூடவில்லை. ஆயிரக்கணக்கான பிற பிள்ளைகளுக்கு அதில் ஆள் கிடைத்தது. ஜெர்மனியில் 1991இல் ஒருவர் ரத்தப் புற்றுநோய் வந்த தன் மனைவிக்காகத் தொடங்கியது டி.கே.எம்.எஸ். என்ற அமைப்பு. அந்த அம்மையாரும் பிழைக்கவில்லை, அமைப்பு இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதன் இந்தியக் கிளை பெங்களூரில் இருக்கிறது. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி, இந்தியாவில் 5 லட்சத்துக்கும் மேலானவர்களைப் பதிந்திருக்கிறது. 140 கோடி மக்கள் உள்ள நாட்டில் இது எந்த மூலைக்கு என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பதிவது மிகச் சுலபம். கன்னத்தின் உட்புறம் ஒரு பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும், ஊசிகூட இல்லை. இவ்வளவு சுலபமாக இருப்பதில்தான் இந்தத் தர்மத்தின் சிக்கலும் இருக்கிறது.

கல்லூரியில் முகாம் போடுகிறார்கள். கூட்டாளிகள் எல்லோரும் கொடுக்கிறார்கள், நாமும் கொடுப்போம் என்று பஞ்சுக்குச்சியைத் தடவிக் கொடுத்துவிட்டு, படம் எடுத்து செல்பேசியில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். நாலு வருடம் கழித்து, ஒரு நோயாளிக்கு உங்கள் முத்திரை பொருந்துகிறது, வர முடியுமா என்று அழைப்பு வருகிறது. அப்போதுதான் வீட்டில் விஷயம் தெரிகிறது.

தென்கோடியிலிருந்து வந்து நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் கடை வைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்க்கலாம். மகள் படிக்கும்போது பதிந்துவிட்டாள். இப்போது வேலைக்குப் போகிறாள், வரன் பார்க்கிறார்கள். அழைப்பு வந்ததைச் சொன்னதும் தாய் என்ன சொல்வாள்?

"யாருன்னே தெரியாத ஒருத்தனுக்கு நீ எதுக்கு மக்களே ஊசி குத்திக்கிடணும்? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா நான் என்ன சொல்லது?"

"அம்மா, அந்த ஆளுக்கு வேற யாரும் பொருந்தலியாம்."

"ஊர்ல நம்ம வீட்டுப் பிள்ளைதான் கிடைச்சுதா?"

அந்தத் தாயைக் கொடுமைக்காரி என்று சொல்ல முடியாது. பெற்ற பிள்ளை மேல் உள்ள பயம் அது. குருத்தணு கொடுத்த பெண் பிள்ளை பெறுவதற்கு எந்தத் தடையும் இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அவள் கடைசியாகக் கேட்டாளே ஒரு கேள்வி, அதற்குப் பதில் ஆம் என்பதுதான். ஊரிலேயே அந்தப் பிள்ளைதான் கிடைத்தாள். லட்சம் பேரில் தேடிப் பார்த்து அவளிடம் வந்து நின்றிருக்கிறார்கள். வேறு ஆள் இருந்தால் அழைத்திருக்கவே மாட்டார்கள். சோற்றுக்கு வந்தவரிடம் இங்கே இல்லை, அடுத்த வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடலாம், அடுத்த வீட்டிலாவது கிடைக்கும். இங்கே அடுத்த வீடு இல்லை.

நம் நாட்டில் அழைப்பு வந்த பிறகு பின்வாங்குகிறவர்கள் பலர். பெரும்பாலும் வீட்டார் தடுப்பதே காரணம். ஆரம்பத்திலேயே மறுத்தால் நோயாளி குடும்பத்துக்கு ஏமாற்றம். கடைசி நேரத்தில் மறுத்தால் அதற்குப் பெயர் ஏமாற்றம் என்று சொல்லிவிட முடியாது. குருத்தணு ஏற்றுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே நோயாளிக்குக் கடும் மருந்து கொடுத்து அவருடைய மஜ்ஜையை முழுவதும் அழித்துவிடுகிறார்கள். அதன் பிறகு அவர் உடம்பில் ரத்தம் ஊற வழியே இல்லை. கொடுப்பதாகச் சொன்னவர் அந்த நேரத்தில் வர மாட்டேன் என்றால், நோயாளி நோயால் சாவதற்கு முன் அந்த வாக்கை நம்பியதால் சாக நேரும்.

சட்டப்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கடைசி நிமிடம் வரை மறுக்கும் உரிமை கொடுப்பவருக்கு உண்டு. அது அப்படித்தான் இருக்க வேண்டும், பலவந்தமாக எடுத்தால் அது பலி ஆகிவிடும். ஆனால் உரிமை இருப்பது வேறு, அது தர்மமா என்பது வேறு. பதிவேட்டில் பெயர் எழுதியதை ஒரு படிவம் நிரப்பியதாக நினைக்கிறார்கள். முகம் தெரியாத ஒருவர் அதை வாக்காக எடுத்துக்கொண்டு தன் உயிரை அதன்மேல் வைக்கிறார். முகம் தெரிந்தவருக்குக் கொடுத்த வாக்கைத் தவறினால் அவர் நம்மைக் கேட்பார், ஊர் கேட்கும், வெட்கத்துக்காகவாவது காப்பாற்றுவோம். இதில் கேட்க ஆளில்லை. பள்ளியறையில் கண்ணாடி முன்னால் நின்று விளக்கு வெளிச்சத்தில் தன் முகத்தைப் பார்க்கும்போது கேட்கிற ஒருவர் மட்டுமே உண்டு.

ஆகவே யோசிக்காமல் பதிவதைவிடப் பதியாமல் இருப்பது மேல். அய்யாவின் பிள்ளைகளாவது அரைமனதோடு பெயர் கொடுக்கக் கூடாது. வாகைப்பதியிலும் பிறகு முட்டப்பதியிலும் துவையல் தவசு இருந்த ஏறத்தாழ 700 குடும்பங்கள் கடற்கரைக் காற்றிலும் வெயிலிலும், ஒரு வேளை உணவோடு, நாளுக்கு மூன்று முறை நீராடி, துவைத்து உடுத்தி, எடுத்த விரதத்தைக் காத்தார்கள். இந்த வழி அப்படி நிலைநின்றவர்களால் வளர்ந்தது. ஐந்து நாள் ஊசியும் ஒரு அரைநாள் படுக்கையும் அதன் முன் பெரிய தவசு அல்ல.

அப்படியானால் பதியாமலே இருந்துவிட்டால் பாவமா என்று கேட்டால், யாரையும் பாவி என்று சொல்ல இந்தச் சிற்றிதழுக்கு அதிகாரம் இல்லை. உடம்புக்கு முடியாதவர் உண்டு, மனம் ஒப்பாதவர் உண்டு. ஆனால் ஒன்றை யோசிக்கலாம். தாங்கலில் அன்னதர்மத்துக்கு அரிசி கொடுக்க முடியாத ஏழைக்குக்கூட இந்தத் தர்மம் செய்ய முடியும். பணம் படைத்தவர் பதியாமல் விட்டு, கூலிக்காரர் பதிந்தால், ஒரு உயிரைக் காக்கும் வல்லமை கூலிக்காரரிடம்தான் இருக்கும். தர்மம் செய்வதில் ஏழைக்கும் பணக்காரருக்கும் இப்படி ஒரே அளவு வைத்த ஏற்பாடு வேறு எது இருக்கிறது?

தாங்கலில் முன்னால் நின்று பணிவிடை செய்கிற பலருக்கு இதில் பெயர் கொடுக்க வயது கடந்திருக்கும். தாத்ரி 18 முதல் 50 வயது வரை உள்ளவர்களையே பதிகிறது. மருத்துவர்கள் இளைஞர்களின் அணுவையே அதிகம் விரும்புகிறார்கள். ஐம்பது தாண்டியவர்களுக்கு வேலை இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்தத் தாய் தன் மகளைத் தடுக்கும்போது, பக்கத்திலிருந்து, விடு அம்மா, பிள்ளை போகட்டும், கெடுதல் ஒன்றும் வராது என்று சொல்ல வேண்டியவர்கள் இவர்கள்தான். வீட்டில் பெரியவர் சொன்னால் கேட்பார்கள். கொடுத்த பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அதைக் குறையாகப் பேசாமல், இப்படி ஒரு மனசுள்ள பெண் என்று எடுத்துச் சொல்லவும் பெரியவர்களால்தான் முடியும். பஞ்சுக்குச்சி கொடுக்கிற இளைஞரைவிட இந்த வேலை செய்கிற பெரியவர்கள்தான் இப்போது நம் ஊரில் அதிகம் தேவைப்படுகிறார்கள்.

பதிய நினைப்பவர்கள் முகாம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாத்ரிக்கோ டி.கே.எம்.எஸ். இந்தியக் கிளைக்கோ இணையத்தில் பெயர் கொடுத்தால் பஞ்சுக்குச்சி உள்ள உறை வீட்டுக்கே வரும். அதைத் தடவித் திருப்பி அனுப்பலாம். புற்றுநோய் வந்தவர்கள், இதய நோய் உள்ளவர்கள், மஞ்சள் காமாலை பி, சி கிருமி உள்ளவர்கள் பதிய இயலாது. கருவுற்றிருக்கும் பெண்களையும் பால் கொடுக்கும் தாய்மாரையும் அந்தக் காலத்தில் அழைக்க மாட்டார்கள். உறையைத் திருப்பி அனுப்புவதற்கு முன் தாய், தந்தையிடமும், மணமானவர் துணையிடமும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். நாளைக்கு அழைப்பு வந்தால் போவேன், அப்போது தடுக்காதீர்கள் என்று இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

முன்பே எங்காவது பதிந்து, பிறகு செல்பேசி எண்ணையோ வீட்டையோ மாற்றியவர்கள் புதுவையில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் அந்த அமைப்புக்குப் புது எண்ணைத் தெரிவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அழைப்பு பழைய எண்ணுக்கே போகும்.